ஒரகடத்துத் தொழிற்சாலைகளும் நம் வாலிபரின் கைத்தொழிற் கல்வியும்

ஒரு குலத்தின் செல்வம் அதன் நிலபுலங்களிலும் பொன் பொருள்களிலும் மட்டும் அடங்கியிருப்பதன்று. அக்குலத்து இளைஞர் கையிலுள்ள தொழிலே அதன் அழியாச் செல்வமாகும். நிலம் கைமாறும், பொன் கரையும், கற்ற தொழிலோ கற்றவனோடு எவ்விடத்தும் உடன் செல்லும். இவ்வுண்மையை நம் விசுவகர்ம குலத்து முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கொல்லர், தச்சர், கன்னார், சிற்பியர், தட்டார் என ஐந்தொழிலும் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றமைக்குக் காரணம் அவ்வறிவேயாம்.

இன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் நம் அங்கத்தினர் ஒருவர் பிரயாணம் செய்வாராயின், ஏரிப் பாசன வயல்களும் பனஞ்சாலைகளும் இருந்த இடங்களில் பெரும் யந்திரசாலைகள் நிற்கக் காண்பார். விடியற்காலையில் நூற்றுக்கணக்கான பஸ்களில் வாலிபரும் இளம்பெண்களும் அவற்றுள் நுழைவர். நம் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களுள் உளர். அவர்கள் கூலி பெறுகின்றனர் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அவர்கள் அங்கே ஒரு தொழிலைக் கற்கின்றனரா, அன்றி நாட்களை மட்டும் விற்கின்றனரா என்னும் கேள்வியை நம் சங்கம் கேட்டேயாக வேண்டும். அதற்கு விடை காண, நம் நாட்டில் கைத்தொழிற் கல்வி நடந்துவந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பழைய உலைக்களத்தின் முறையை முதியோர் யாவரும் அறிவர். ஏழெட்டு வயதுச் சிறுவன் முதலில் துருத்தி ஊதுவான். நெருப்பின் நிறத்தைப் பார்த்து இரும்பின் பதத்தை அறிவது அவனுக்கு முதற் பாடம். சில ஆண்டு சென்றபின் சம்மட்டி பிடிப்பான். அதன்பின் குறடும் அரமும் அவன் கைக்கு வரும். கொழுவும், அரிவாளும், மண்வெட்டியும், வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவும் தொடக்கமுதல் முடிவு வரை அவன் கண்ணெதிரே உருவாகும். ஒரு பொருளை முழுதும் செய்து முடிப்பவனே தொழிலாளி எனப் பெயர் பெற்றான். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் குடியானவர் அளந்த நெல்லே அவனுக்கு ஊதியம்.

இம்முறையின் குணத்தைப் போற்றும் நாம், அதன் குற்றங்களையும் மறைக்க வேண்டுவதில்லை. வித்தை குடும்பத்தைக் கடந்து வெளியே செல்லவில்லை. பிற குலத்துப் பிள்ளை எத்துணை ஆவலோடு வந்தாலும் அவனுக்கு உலைக்களத்தில் இடமில்லை. நம் வீட்டுப் பெண்கட்கும் இடமில்லை. அளவும் கணக்கும் ஏட்டில் எழுதப்படாமல் நினைவில் மட்டும் தங்கின. வல்லவர் ஒருவர் இறந்தால் அவருடைய வித்தையும் உடன் இறந்தது. மகனுக்கோ, தந்தை தொழிலன்றி வேறு தொழிலை விரும்பும் உரிமை இருக்கவில்லை.

மறைத்து வைத்த வித்தை தேயும், திறந்து கொடுத்த வித்தை வளரும் என்பதற்கு இப்பகுதியிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீ இராமாநுஜர் அவதரித்த தலம். அவர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து சென்று மந்திரார்த்தம் பெற்றார் என்றும், அதனை வெளியிடலாகாது என்ற கட்டளையைக் கடந்து, கோயிலின் மீது ஏறி விரும்பியோர் யாவரும் கேட்க உபதேசித்தார் என்றும் குருபரம்பரை வரலாறு கூறும். ஞானத்திற்கு அவர் செய்த உபகாரத்தைக் கைத்தொழிலுக்கும் யாரேனும் செய்ய வேண்டியிருந்தது.

அது நம் நாட்டில் மெதுவாகவே நடந்தது. 1794-ஆம் ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் சென்னையில் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி ஏற்பட்டது. கும்பினியாருக்கு நிலம் அளப்போர் தேவைப்பட்டமையே அதற்குக் காரணம். அப்பள்ளியே வளர்ந்து 1859-இல் பொறியியற் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்குப் பெயர்ந்தது. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் சென்னையில் சித்திர கைத்தொழிற் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதனைச் சர்க்கார் ஏற்று நடத்தலாயிற்று. குலம் கேளாது தொழில் கற்பிக்கும் கூடம் என்பது இவ்வாறே இந்நாட்டிற் கால் ஊன்றியது.

அக்காலத்தில் நம் தொழிலாளரோடு நெருங்கிப் பழகிய வெள்ளையர் ஒருவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1888-இல் பொறியியற் கல்லூரிப் பேராசிரியராக வந்த அவர், 1898-இல் மேற்கூறிய கைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைப் புகுத்தினார். செம்பும் பித்தளையும் தட்டிப் பழகிய கைகளே அப்புதிய உலோகத்தையும் உருவாக்கின. அலுமினியம் நாளடைவிற் கன்னார் தொழிலுக்குப் போட்டியாய் முடிந்ததையும் மறுப்பதற்கில்லை. எனினும் அதில் ஒரு படிப்பினை உண்டு. உலோகம் மாறியபோது, தட்டும் திறம் உடையவன் புதிய உலோகத்தையும் தன்வயப்படுத்திக்கொண்டான். பாத்திரம் விற்பதை மட்டும் அறிந்தவன் கடையை மூட நேர்ந்தது.

சாட்டர்டன் இம்முயற்சிகளை விரிவாக்க முனைந்தபோது, இந்தியா மந்திரியாயிருந்த மார்லி பிரபு 1910-இல் அதற்குத் தடை விதித்தார். மேலான தொழில் முறைகளை ஜனங்கட்குக் காட்டுவதோடு சர்க்கார் நிற்க வேண்டுமென்றும், வியாபாரமாக நடத்துதல் தகாதென்றும் அவர் கருதினார். இதனால் கற்பித்தல் ஒரு புறமும் உற்பத்தி மற்றொரு புறமுமாகப் பிரிந்தன. பள்ளியிற் படித்தவனுக்குப் பட்டறைப் பழக்கம் இல்லை. பட்டறையில் உழைப்பவனுக்குப் படிப்பு இல்லை. இப்பிரிவு நம்மை இன்றும் வருத்துகின்றது.

சுதந்திரம் பெற்றபின் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பெற்று, நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன. இவற்றையே ஜனங்கள் ஐ.டி.ஐ. என்பர். பிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் முதலிய தொழில்கள் அங்கே ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளிற் கற்பிக்கப்படுகின்றன. 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை தோன்றிற்று. 1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் நிறைவேறியது. தொழிற்சாலைகள் வாலிபரைச் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகை அளித்து, தொழில் கற்பிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். குருவின் பக்கத்தில் நின்று கற்கும் பழைய முறை, இவ்வாறு குலபேதமின்றிச் சட்டத்தில் இடம் பெற்றது.

இதற்கிடையே 1953-இல் எழுந்த ஒரு விவாதத்தை நாம் மறக்கலாகாது. அப்பொழுது முதன்மந்திரியாயிருந்த ராஜாஜி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் படித்து, எஞ்சிய நேரத்திற் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என ஒரு திட்டம் கொண்டுவந்தார். இது குலக்கல்வி என்று பலத்த எதிர்ப்புத் தோன்றிற்று. 1954-இல் காமராஜர் பதவியேற்றபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழில் உயர்ந்தது என்பது வேறு. கொல்லன் மகன் கொல்லனாகவே இருத்தல் வேண்டும் என்பது வேறு. முன்னதை நாம் பெருமையோடு ஒப்புவோம். பின்னதை, தொழிலாற் பெயர் பெற்ற நாமே முதலில் மறுத்தல் வேண்டும். ஏனெனில் அதனால் அடைபடுவது நம் பிள்ளைகளின் வழியேயாகும்.

இனி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் கதைக்கு வருவோம். 1971-இல் தோன்றிய சிப்காட் ஸ்தாபனம் இராஜ்யத்தின் பல பகுதிகளிலும் நிலங்களைத் திரட்டித் தொழிற்பேட்டைகளை அமைத்து வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் அடியிட்ட ஹூண்டாய் கம்பெனி 1998-இல் தன் முதற் காரை வெளியிட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸான் சாலையும், 2012-இல் டெய்ம்லர் லாரிச் சாலையும், அடுத்த ஆண்டில் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் சாலையும் வேலை தொடங்கின. வல்லம் வடகாலில் 2015-இல் யமஹா கம்பெனி வந்தது. இருபது ஆண்டுகளுக்குள் ஏரிக்கரைக் கிராமங்கள் உலக வர்த்தகத்தோடு பிணைக்கப்பட்டன.

இக்காலத்திலேயே நம் கிராமத்து உலைகள் பல அணைந்தன. டிராக்டர் வந்தபின் கொழு அடிக்க வருவார் குறைந்தனர். ரப்பர் டயர் வந்தபின் பட்டா போடுவார் இல்லை. அரிவாளும் மண்வெட்டியும் கடையிற் கிடைக்கின்றன. ஆகவே தந்தையின் பட்டறையை விட்டு மகன் தொழிற்சாலைக்குச் சென்றது இயல்பே. அதற்காக அவனைக் குறை கூறுதல் தகாது. எவ்வாசல் வழியாக அவன் உள்ளே சென்றான் என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைக்கு வாசல்கள் பல உள. ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு பிட்டர் தொழில் கற்று, தேசியச் சான்று பெற்று, பின்னர் முறையான தொழிற்பழகுநராகச் செல்வது ஒரு வாசல். பன்னிரண்டாவது முடிந்த மறுமாதமே ஒப்பந்தக்காரர் ஒருவரின் பட்டியலிற் பெயர் கொடுத்துச் செல்வது மற்றொரு வாசல். இரண்டாவது வாசலிற் பணம் விரைவில் வரும். வீட்டுக் கடன் ஓரளவு அடையும். இவற்றை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் நகரும் பட்டையின் முன் நின்று, ஒரே திருகை நாள் முழுதும் முறுக்குபவன், மூன்று ஆண்டு சென்றபின் எதனைக் கற்றவனாவான்? அவன் பக்கத்திலுள்ள யந்திரம் நின்றுவிட்டால் அதனைச் செப்பனிட வருபவன் வேறொருவன். அவ்வேறொருவனே தொழிலாளி, இவன் அந்த இடத்தை நிரப்பியவன் மட்டுமே.

இதன் பலன் நல்ல காலத்திற் புலப்படாது. சாலை மூடும் நாளிற் புலப்படும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா கம்பெனி கைபேசி செய்யத் தொடங்கிற்று. உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு நேரடியாக வேலை செய்தனர். அவர்களுள் இளம்பெண்கள் மிகப் பலர். வரி வழக்கு எழுந்தது. கம்பெனியின் கைபேசி வியாபாரத்தை 2014-இல் மைக்ரோஸாப்ட் வாங்கியபோது இச்சாலை அவ்விற்பனையிற் சேர்க்கப்படவில்லை. 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தி நின்றது. எட்டு ஆண்டுகளில் ஓர் ஊரின் நம்பிக்கை எழுந்து அடங்கிற்று. அக்கட்டடத்தைப் பிற்காலத்தில் ஸால்காம்ப் என்னும் வேறொரு கம்பெனி வாங்கியது உண்மையே. ஆயினும் இடையிற் சென்ற ஆண்டுகளை வேலை இழந்தோர்க்குத் திருப்பித் தருவார் இல்லை. மறைமலைநகரில் இருபது ஆண்டுகட்கு மேல் நடந்த போர்டு கார்ச் சாலையும் 2022-இல் உற்பத்தியை நிறுத்திற்று. கம்பெனிகள் தம் லாப நஷ்டக் கணக்குப்படி வரும், போகும். அச்சு வெட்டவும், மின்கருவி செப்பனிடவும், கடைசல் பிடிக்கவும் அறிந்தவன் தன் வித்தையோடு அடுத்த வாசலுக்குச் செல்லலாம். ஓர் இடத்தில் நிற்க மட்டும் அறிந்தவன், முப்பது வயதில் மீண்டும் பதினெட்டு வயதினரோடு வரிசையில் நிற்க வேண்டும்.

பிற நாடுகளில் இவ்விஷயத்தை எவ்வாறு கையாண்டனர் எனக் காண்பதும் நலமே. ஜெர்மனியில் முற்காலத்தில் நம்மைப் போன்றே தொழிற் குழுக்கள் இருந்தன. பழகுநன், கைவினைஞன், ஆசான் என மூன்று படிகள் அவற்றில் அமைந்திருந்தன. அந்நாட்டார் அக்குழுக்களின் அடைப்பை நீக்கினர். மூன்று படிகளை மட்டும் காத்துக்கொண்டனர். 1969-இல் இயற்றப்பெற்ற தொழிற்பயிற்சிச் சட்டம் இதனை நாடு முழுமைக்கும் ஒழுங்கு செய்தது. அங்கே வாலிபன் ஒருவன் வாரத்திற் சில நாள் பட்டறையிலும் சில நாள் பள்ளியிலுமாகச் சுமார் மூன்று ஆண்டு கற்கிறான். டெய்ம்லர் போன்ற கம்பெனிகள் தம் தாய்நாட்டில் இம்முறையிலேயே வளர்ந்தன. பிறப்பை விலக்கி, பயிற்சியைக் காத்தல் என்பதே அந்நாட்டார் கண்ட நெறி. நம் உலைக்களத்திற்கும் இதுவே தகுந்த நெறியென்பது நம் கருத்து.

அண்மையில் சர்க்கார்கள் செய்துவருவனவற்றையும் அங்கத்தினர் அறிதல் வேண்டும். மத்திய சர்க்கார் 2023 செப்டம்பரில் விசுவகர்மா என்னும் நம் பெயராலேயே, 18 கைத்தொழில்கட்கு உதவும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அது குலத்தொழிலைத் தூண்டுவதாகும் எனத் தமிழ்நாட்டு சர்க்கார் 2024-இல் ஆட்சேபித்து, அதற்கு மாறாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கிற்று. 25 கைத்தொழில்கட்கு உரிய இத்திட்டத்தில் குலம் பார்ப்பதில்லை. 35 வயது நிறைந்தோர் மனுச் செய்யலாம். பட்டறை நடத்தும் நம் பெரியோர் இதனைப் பயன்படுத்திக்கொள்க. எனினும் பதினாறு வயது வாலிபனின் தேவை வேறு. அவனுக்கு வேண்டுவது கடனன்று, கல்வியே.

அதற்கும் வழிகள் இல்லாமற் போகவில்லை. ஜப்பான் நாட்டோடு செய்த ஏற்பாட்டின்படி யமஹா கம்பெனி 2017-இல் இப்பகுதியில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தது. தமிழ்நாட்டு சர்க்கார் 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கி, மாணவர்க்குத் தொழில் வழிகாட்டி வருகின்றது. டாட்டா டெக்னாலஜிஸ் கம்பெனியோடு சேர்ந்து 71 சர்க்கார் ஐ.டி.ஐ.களில் ரோபாட், கணினிக் கடைசல் முதலிய புதிய யந்திரங்களை அமைக்கும் வேலையும் நடந்தது; ஒரகடத்து ஐ.டி.ஐ.யில் அத்தகைய கூடம் 2023-இல் திறக்கப்பெற்றது. தொழிற்பழகுநர் விதிகள் 2019-இல் திருத்தப்பெற்றபின், 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனம் ஒவ்வொன்றும், தன் ஆட்கணக்கில் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை பழகுநரைச் சேர்த்தல் கடமையாயிற்று. இவற்றையெல்லாம் அறியாத வீட்டில், வாசலுக்கு வந்த ஒப்பந்தக்காரர் சொல்வதே வேதவாக்காகின்றது.

ஆகவே நம் சங்கத்தார்க்கும் குடும்பத்தார்க்கும் சில யோசனைகளைப் பணிவோடு கூறுகின்றோம். பிள்ளையைத் தொழிற்சாலைக்கு அனுப்புமுன் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்பாராக. இவன் அங்கே கற்கும் தொழில் யாது? முடிவிற் பெறும் சான்று யாது? ஒப்பந்தத்தில் உள்ளது கம்பெனியின் பெயரோ, இடைத் தரகரின் பெயரோ? இம்மூன்றுக்கும் தெளிவான விடை இல்லையேல், ஓராண்டுக் கூலியைத் துறந்தேனும் அவனை ஐ.டி.ஐ.யிற் சேர்த்தல் உத்தமம். அவ்வோராண்டைத் தாங்கமாட்டாத ஏழைக் குடும்பங்கட்கு உபகாரச் சம்பளம் அளிப்பது சங்கத்தின் கடமை. கலியாணப் பந்தலில் ஒரு வேளை விருந்திற்குச் செலவிடுவதிற் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு குடும்பமும் இந்நிதிக்குக் கொடுப்பின் அதுவே போதும்.

இரண்டாவது, ஒரகடம் பக்கத்திற் பயில வரும் வெளியூர்ப் பிள்ளைகட்கு ஒரு விடுதி வேண்டும். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய பெரிய விடுதி ஒன்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது வேலை செய்வோர்க்கு உரியது. பயிலும் வாலிபர்க்குச் சிறியதாகவேனும் ஒன்றை நாம் அமைக்கலாம். மூன்றாவது, பட்டறை வைத்திருக்கும் அன்பர்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, வரைபடம் பார்க்கவும், நுண்ணளவு எடுக்கவும், அரம் பிடிக்கவும் இளைஞர்க்குச் சொல்லித் தருவாராக. ஒரு பூட்டையோ கீலையோ தொடக்கமுதல் முடிவு வரை தன் கையாற் செய்து முடித்த பையன், எந்த யந்திரத்தின் முன்னும் அஞ்சமாட்டான்.

இவ்வகுப்பில் நம் பெண்களும் உட்காருதல் வேண்டும். கைபேசிச் சாலைகளில் நுண்வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்களேயாக, செப்பனிடும் வேலை மட்டும் ஆண்கட்கு என்பது நியாயமன்று. பிற குலத்துப் பிள்ளை ஒருவன் விரும்பி வந்தால் அவனையும் மறுக்காது சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். நம் முன்னோர் கதவை அடைத்து வித்தையைக் காக்க முயன்றனர். அடைத்த கதவின் உள்ளேயே அது குறைந்துபோனதை நாம் கண்டோம். நம் குலத்துப் பையன் வைத்தியனாகவோ கணக்கனாகவோ ஆக விரும்பினால், அவனுக்கும் அதே நிதியிலிருந்து அதே அன்போடு உதவி செல்லட்டும்.

ஐந்தொழில் என்பது ஐந்து வகைப் பொருள்களைக் குறித்த பெயர் மட்டுமன்று. செய்வதைத் திருந்தச் செய்தல் என்னும் ஒழுக்கத்திற்கும் அதுவே பெயர். அவ்வொழுக்கம் இரும்பில் வாழ்ந்தது, அலுமினியத்திலும் வாழ்ந்தது, ஒரகடத்து ரோபாட்டின் பக்கத்திலும் வாழும். அதனைக் கற்பிக்க ஆசானும், கற்கும் காலத்திற்கு வேண்டிய உணவும் இடமும் இளைஞனுக்குக் கிடைக்கச் செய்தல் நம் பொறுப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையும், அவர்கள் விரும்பும் தொழில்களையும் ஒவ்வொரு கிளைச் சங்கமும் குறித்து, வரும் மகாசபைக் கூட்டத்திற்கு முன் தலைமை நிலையத்திற்கு அனுப்பிவைக்குமாறு வேண்டிக்கொள்ளுகின்றோம்.